220 மீட்டர் புகையும் வாசல் வேம்பும்

நகரங்களின் தூசு மாசைக் குறைக்கும் தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கெடு 2026 மார்ச். சில அனல்மின் நிலையங்கள் புகையில் கந்தகத்தைக் குறைப்பதற்கான கெடு 2027 டிசம்பர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: தூத்துக்குடி அனல்மின் புகையை மரம் நட்டுப் பிடித்துவிடலாமா, மதுரைக்கு எந்த மரம் தோது?

"மாசு உறிஞ்சும் மரங்கள்" என்று அறிக்கைகளில் வரும் பட்டியலை முதலில் பார்ப்போம். வேம்பு, ஆல், அரசு, புங்கை என்று நீளும். பெரும்பாலும் 'காற்று மாசு தாங்குதிறன் குறியீடு' என்ற எண்ணை வைத்துத்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மரம் எவ்வளவு மாசைப் பிடிக்கும் என்பதை அது அளப்பதில்லை. மாசுக்கு நடுவில் மரம் பிழைத்துக் கிடக்குமா என்பதைத்தான் அளக்கிறது.

எண் எப்படி வருகிறது? இலையிலுள்ள அஸ்கார்பிக் அமில அளவை எடுக்கிறார்கள். பச்சையத்தையும் இலைச்சாற்றின் பிஹெச்சையும் கூட்டி, அந்தத் தொகையால் அமில அளவைப் பெருக்குகிறார்கள். வந்ததோடு இலையின் ஈரப்பத விகிதத்தைச் சேர்த்துப் பத்தால் வகுக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு அமிலம் 2, பச்சையமும் பிஹெச்சும் சேர்ந்து 8 என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 16. ஈரப்பதம் 80. மொத்தம் 96, குறியீடு 9.6. அந்த 96-இல் 80 வெறும் தண்ணீர்க் கணக்கு! அதே மரம் சித்திரை வெயிலில் வாடி ஈரப்பதம் 60-க்கு இறங்கினால், மற்றது எதுவும் மாறாமலே குறியீடு 7.6 ஆகிவிடும். வைகை வறண்டு கிடக்கும் மாதத்தில் இலை பறித்தார்களா, ஐப்பசி மழைக்குப் பிறகு பறித்தார்களா என்று பட்டியலை நீட்டும் அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, இலை எதையுமே பிடிக்காதா? பிடிக்கும். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் சாலையோரப் பூவரசில் ஓர் இலையைக் கிள்ளிக் கைக்குட்டையால் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறக் கோடு, இலையில் பளிச்சென்று பச்சை. ஆனால் இது தற்காலிகக் குடியிருப்புதான். பலத்த காற்றடித்தால் தூசு திரும்பப் பறக்கும். மழை பெய்தால் மண்ணுக்கு இறங்கும். கந்தக டை ஆக்சைடு வாயு இலைத்துளை வழியாக உள்ளே போகும். பெரும்பாலான மரங்களுக்கு இரவில் அந்தத் துளை மூடிக்கொள்ளும், கொதிகலன் தூங்காது.

உயரக் கணக்கு இன்னும் மோசம். 1990-ஆம் ஆண்டு விதிப்படி 210 மெகாவாட் அலகுக்குப் புகைபோக்கி 220 மீட்டர், 500 மெகாவாட்டுக்கு 275. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் 220-ஐ எட்டாது. வாசல் வேம்பு எந்த மூலைக்கு? மேலே போன வாயு காற்றோடு நகர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கூட நுண்ணிய சல்பேட் துகளாக மாறும். சாலை வழியில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அனல்மின் நிலையக் கந்தகம் பற்றிய மத்திய அரசின் 2025 ஜூலை அறிவிக்கையைப் படியுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களையும் தேசியத் தலைநகர் வட்டாரத்தையும் ஒட்டி, 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்குத்தான் 2027 கெடு. காற்றுத்தரம் தேறாத நகரங்களை ஒட்டியவற்றுக்கு நிலையம் நிலையமாகப் பார்த்து முடிவு. மற்றவற்றுக்குக் கந்தக வரம்பே கிடையாது, புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் போதும். புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவ வேண்டாம், உயரத்தில் ஊதிவிடு என்று அர்த்தம்.

இனிச் சில சில்லறைக் கேள்விகள். 'பசுமை வளையம்' என்றால்? வளாகத்தின் ஒரு பகுதியில் மரம் வளர்க்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் போடும் நிபந்தனை.

அதனால் பயனே இல்லையா? சாம்பல் குளம், நிலக்கரிக் குவியல் போலத் தரையோடு பறக்கும் தூசுக்கு உண்டு.

கந்தகத்தை எப்படித்தான் பிடிப்பது? புகைபோக்கிக்குப் போகும் முன்பே சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவ வேண்டும், ஜிப்சம் கிடைக்கும்.

வீட்டுக்குள் மணிபிளான்ட்? அழகாக இருக்கும்.

மதுரை ரிங் ரோட்டில் எதை நடலாம்? வேம்பு, புங்கை, நிழலுக்காக என்று சொல்லி நடுங்கள்.