பற்றுப் புத்தகத்தைப் படித்த பொருளியலாளர்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 என்று எண் போட்ட அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தை நினைவிருக்கும். அரிசி, உப்புமீன், மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மாவு என்று மாதம் முழுவதும் கடைக்காரர் அதில் பற்று எழுதுவார். சம்பளத்தன்று கணக்குப் பார்த்தால், கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மறுநாள் புதிய பக்கத்தில் மீண்டும் பற்று தொடங்கும்.

இந்தப் பற்றுக் கணக்கைப் பெரிய படிப்புக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, நம் பகுதியிலேயே ஆறாண்டுகள் தங்கியிருந்தார் ஓர் அமெரிக்கப் பொருளியலாளர். அவர் பெயர் கிளிப்டன் வார்ட்டன். பின்னாளில் பெரிய பல்கலைக்கழகங்களை நடத்தியவர். உலகப் புகழ்பெற்ற ஓர் அறநிறுவனத்தின் தலைவராக அமர்ந்தவர். அவருடைய வாழ்க்கையை இன்று சற்றுப் பார்ப்போம்.

வார்ட்டன் 1926ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். தந்தையார் அமெரிக்க வெளியுறவுத் துறையில் அதிகாரி. அந்த வகையில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தோலின் நிறம் பார்த்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்நாட்டில் வழக்கமாக இருந்த காலம் அது. பதினாறு வயதில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மாணவர் வானொலியில் அறிவிப்பாளராகவும் பணியாற்றினார் என்பது வானொலி நேயர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1958இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அதே 1958இல் மனைவி டொலோரசுடன் நம் பகுதிக்கு வந்தார். மூன்றாம் ஜான் ராக்ஃபெல்லர் தொடங்கிய வேளாண்மை வளர்ச்சி மன்றம் அவரை அனுப்பியிருந்தது. ஆசிய நாடுகளில் வேளாண்மைப் பொருளியல் படித்த இளைஞர்களை உருவாக்குவது அம்மன்றத்தின் நோக்கம். முதலில் சிங்கப்பூரிலும், பிறகு கோலாலம்பூரிலும் தங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1964 வரை இங்கே இருந்தார்.

பாடம் நடத்தியதோடு அவர் நின்றுவிடவில்லை. ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களும் நெல் விவசாயிகளும் விளைச்சலை எப்படி விற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1962இல் 'மலாயன் எகனாமிக் ரிவியூ' என்ற ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை பேசப்பட்டது. அதன் சாரம் இதுதான்: விளைச்சலை வாங்குபவர், வீட்டுச் சாமான் விற்பவர், கடன் கொடுப்பவர் ஆகிய மூவரும் கிராமத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்.

இதில் என்ன வம்பு என்று கேட்கலாம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நாமே போட்டுக்கொண்டவை. ஒரு சிறுதோட்டக்காரர் பால் வெட்டி, உலர்த்தி, ரப்பர் ஷீட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறார். சந்தையில் அதற்கு 100 வெள்ளி பெறும். கடைக்காரர் ஈரப்பதம், தரம் என்று கழித்து 90 வெள்ளி மதிப்பிடுகிறார். பக்கத்து ஊர் வியாபாரி 96 வெள்ளி தருவார். ஆனாலும் அங்கே போக முடியாது. ஏன்? இந்தக் கடையில் 60 வெள்ளி பாக்கி இருக்கிறது. போனால் நாளைக்கு அரிசி கிடைக்காது; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைமாற்றும் கிடைக்காது. மீதி 30 வெள்ளிக்கும் அதே கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். அதன் விலையும் சற்றுக் கூடுதல். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. அது ஷீட்டின் விலையிலும் அரிசியின் விலையிலும் ஒளிந்திருக்கிறது.

விற்பதற்குப் பலர் இருக்க, வாங்குவதற்கு ஒருவரே இருக்கும் நிலையைப் பொருளியலில் கொள்முதல் ஏகபோகம் என்கிறார்கள். கடைக்காரர் பக்கத்தையும் நாம் மறக்கக்கூடாது. ஈடு எதுவும் வாங்காமல் ஏழைக்குக் கடன் கொடுப்பவர் அவர்தான். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றாலும் அரிசி தருபவர் அவர்தான். ஆகவே அவரைத் திட்டுவதால் மட்டும் முடிச்சு அவிழாது. கடன், சாமான், விற்பனை என்ற மூன்று இழைகளுக்கும் மாற்று வழி வேண்டும். ஒன்றை மட்டும் அறுத்தால் மற்ற இரண்டும் இறுகும்.

இதே சமயத்தில் நம்மவர் சிலரும் இந்த வழியில் சிந்தித்தார்கள். கிராம வறுமைக்கு இத்தகைய ஏகபோகம் ஒரு காரணம் என்று எழுதிவந்த பேராசிரியர் உங்கு அசீஸ், 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்; கூட்டுறவு இயக்கத்தையும் வளர்த்தார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையிழந்த நேரம் அது. தொழிலாளர்கள் மாதாமாதம் சிறுதொகை கட்டிச் சேர்ந்த பணத்தில் தோட்டமே வாங்கப்பட்டது. பற்றுப் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் சேமிப்புப் புத்தகம் என்பதை அது காட்டியது.

நாடு திரும்பிய வார்ட்டன் 1969இல் இன்னொரு முக்கியமான கட்டுரை எழுதினார். அதிக விளைச்சல் தரும் புதிய நெல், கோதுமை வகைகள் பரவிக்கொண்டிருந்த நேரம். பசி ஒழிந்துவிடும் என்று பலரும் மகிழ்ந்தார்கள். அவரோ, நீர்ப்பாசனமும் கிடங்கும் சந்தையும் கூடவே வளர வேண்டும், வசதியுள்ளவர் மட்டும் முன்னேறி ஏழை பின்தங்கிவிடக்கூடாது என்று எச்சரித்தார். புதிய விதையை நடத் தயங்கும் ஏழை விவசாயியை அவர் மூடன் என்று சொல்லவில்லை. ஒரு போகம் பொய்த்தால் குடும்பமே பட்டினி கிடக்கும் நிலையில், தயக்கமும் ஒரு கணக்குத்தானே!

1970 சனவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சுமார் 40,000 மாணவர்கள் படித்த இடம். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இருபதாம் நூற்றாண்டில் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த ஆண்டே வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் கிளர்ச்சியைச் சந்திக்க நேர்ந்தது. அதற்கிடையிலும், யாரைச் சேர்ப்பது, எந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருக்கிறது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1978 முதல் 1987 வரை, 64 வளாகங்கள் கொண்ட நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தராகப் பணியாற்றினார்.

இதனிடையே 1982 முதல் 1987 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் அறங்காவலர் குழுவுக்கும் தலைவராக இருந்தார். 1913இல் தொடங்கிய நிறுவனம் அது. ஃபோர்டு அறநிறுவனத்தோடு சேர்ந்து, பிலிப்பைன்சில் 1960இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியதும் அதுவே. மலாயாவின் சிறுதோட்டக்காரர் விற்பனையை ஆராய்ந்தவர், இப்போது எந்தப் பணிக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். ஈகை என்பது அள்ளிக் கொடுப்பது மட்டுமா? முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று அறிந்து கொடுப்பதும்தான்.

1987இல் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் டியா-கிரெஃப் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்று, 1993 வரை நடத்தினார். 1918இல், கார்னகி அளித்த கொடையின் துணையோடு ஆரம்பித்த நிதி அது. நம் ஊழியர் சேமநிதியை நினைத்துக்கொண்டால் அதன் அடிப்படை எளிதில் விளங்கும். வேலை செய்யும் காலத்தில் மாதாமாதம் சேர்வது, கை ஓயும் காலத்தில் சோறு போடும். 1993இல் சில மாதங்கள் அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சராகவும் இருந்தார். 2024 நவம்பரில், 98ஆம் வயதில் காலமானார்.

நேயர்களே, இவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன? உயர்ந்த பதவிகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வாய்க்கும். வாங்கிய கடனுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம், விற்ற பொருளுக்கு எவ்வளவு இழக்கிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து ஒருநாள் எழுதிப் பார்ப்போம். பள்ளியில் படிக்கும் பிள்ளையையே எழுதச் சொல்வோம். அந்தக் கணக்கில் அப்பா அம்மாவின் உழைப்பு எங்கே போகிறது என்பதைப் பிள்ளையும் தெரிந்துகொள்ளும்.