தோட்டத்து மூடாக்கு வாயில்லா ஜீவன்களுக்கு ஆகுமா?

டில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், ஒரு துளசியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இல்லாத வீடு அரிது. அவற்றைக் கோடையில் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. காலையில் வார்த்த நீர் நண்பகலுக்குள் வற்றிவிடும், மண் வெடிக்கும், வேர் வதங்கும். இதற்கு நம் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் உபாயம் மூடாக்கு. வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை ஓலை, உதிர்ந்த சருகு எனக் கைக்குக் கிட்டியதைச் செடியைச் சுற்றி மண்ணின்மீது பரப்பி விடுவார்கள். ஈரம் நிற்கும், களை அடங்கும், மட்கிய பின் உரமும் ஆகும்.

கிராமத்தில் அந்த வைக்கோல் எந்த வயலிலிருந்து வந்தது என்பதை வீட்டார் அறிவர். பட்டணத்திலோ மூடாக்கு பொட்டலத்தில் வருகிறது. அதன் பூர்வீகம் நமக்குத் தெரியாது. வளர்ப்பு நாயும், தவழும் குழந்தையும், செடியும் ஒரே சிறு முற்றத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. நாய் எதையும் மோந்து பார்த்து, வாயில் போட்டுச் சோதிக்கும் பிராணி. ஆகவே மூடாக்கு வாங்குவோர் அழகையும் மணத்தையும் பார்க்குமுன், “இது வாயில் போனால் என்ன ஆகும்?” என்று கேட்பது அவசியம்.

மணத்தால் ஏமாற்றுவது கோக்கோ ஓடு. சாக்கலேட்டுக்காகக் கோக்கோ விதையை வறுத்து நீக்கிய தோல் இது. நல்ல பழுப்பு நிறம்; மண்ணுக்கும் நல்லதுதான். ஆனால் அதில் தியோபுரோமின் என்ற பொருளும் சிறிது கஃபீனும் உண்டு. மனித உடல் தியோபுரோமினை விரைவில் கழித்துவிடும். நாயின் உடலோ மெல்லவே கழிக்கும். அதனால் வாந்தி, படபடப்பு, வலிப்பு நேரலாம். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. நாய் வளர்க்கும் வீட்டில் இதற்கு இடமில்லை.

இதைவிட அஞ்சத்தக்கது ஆமணக்குப் பிண்ணாக்கு. இது மூடாக்கு அன்று. எனினும் மூடாக்கிடுமுன் பலரும் இதை உரமாக மண்ணில் கலக்கிறார்கள். குஜராத்தில் ஆமணக்கு விளைச்சல் மிகுதியாதலால் அங்கு வாழும் அன்பர்களுக்கு இது எளிதில் கிடைக்கும். நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்துப் புகட்டிய விளக்கெண்ணெய் குடலைக் கழுவியதே, அதன் பிண்ணாக்கு எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கலாம். ரிசின் என்னும் கொடிய விஷம் எண்ணெயில் இறங்குவதில்லை. பிழிந்த சக்கையிலேயே தங்கிவிடுகிறது. ஆலையில் நன்கு வேகவைத்தால் விஷம் முறியும். ஆனால் நாம் வாங்கும் மூட்டை அவ்வாறு பக்குவப்பட்டதா என்று கண்ணால் அறிய முடியாது. எலும்புத் தூளும் சேர்ந்திருந்தால் நாய் அதை விருந்தாகவே எண்ணித் தோண்டித் தின்னும். சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ வாந்தியும் இரத்தபேதியும் காணும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. பிண்ணாக்கு வேண்டுமென்றால் வேப்பம் பிண்ணாக்கு போதும். அதன் கசப்பே பெரும்பாலும் நாயை விலக்கும்.

சருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. டில்லியில் இலைகளை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் தடை செய்தது. எரிப்பதைவிட மூடாக்காக இடுவது எவ்வளவோ மேல். ஆனால் பூங்காக்களிலும் நெடுஞ்சாலைகளின் நடுவிலும் அரளி நட்டிருக்கிறார்கள். அரளி இலை உலர்ந்தாலும் இதயத்தைத் தாக்கும் அதன் விஷம் போவதில்லை. எனவே அரளி நிற்கும் இடத்துச் சருகை அள்ளலாகாது.

நிலக்கடலைத் தோல் நல்ல மூடாக்கே. பூசணம் பிடித்தால் ஆகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய விஷமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்ஸின் உலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். பச்சையும் கறுப்புமாகப் பூத்து முடைநாற்றம் வீசும் மூடாக்கு எதுவாயினும் வாரி அப்புறப்படுத்துக.

மரத்தூளும் மரச்சீவலும் தச்சர் பட்டறையில் மலிவாகக் கிடைக்கும். அங்கும் விசாரிக்க வேண்டும். செல் அரிக்காதிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்து மரத்தில் ஏற்றும் மருந்தை 1930களில் கண்டவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானியே. கம்பங்களுக்கு அது நெடுநாள் அரண். ஆனால் ஆர்சனிக் பாஷாணமல்லவா? அமெரிக்காவில் 2003 முடிவோடு, வீடுகளுக்கான மரத்தில் அதைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். மருந்தேற்றிய மரத்தின் தூளும், பசை கலந்த பிளைவுட் தூளும் தோட்டத்துக்கு வேண்டா.

பின் எதைத்தான் இடுவது? சுத்தமான வைக்கோல், வேம்பு, மா முதலியவற்றின் சருகு, மட்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவை போதும். நார்க்கழிவுக் கட்டியை நீரில் ஊறவைத்து, உப்பு நீங்க அலசி இடுக. உலர்ந்த கட்டி நாயின் வயிற்றில் போனால் அங்கே ஊதிக் குடலை அடைக்கக்கூடும். ஆகையால் அதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் கனம் கூடாது; கூடினால் தேளுக்கும் பூரானுக்கும் மெத்தை விரித்தவர் ஆவோம். தண்டைத் தொடாமலும், சுவரிலிருந்து அரையடி தள்ளியும் பரப்பினால் அழுகலும் செல்லும் குறையும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே வைக்கோலை நனைத்து வைக்கவும்.

நாய் ஏதேனும் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். உப்பே கெடுதல் செய்யும். பாலும் விஷத்தை முறிக்காது. நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல், தின்றதில் ஒரு பிடியும் அது வந்த பொட்டலமும் கையில் எடுத்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுக.