திருநள்ளாறு போய்விட்டு அப்படியே திரும்பாதீர்கள்!

சனிக்கிழமை விடியற்காலையில் வேன் பிடித்துத் திருநள்ளாறு. நளன் குளத்தில் ஒரு முழுக்கு, தர்ப்பாரண்யேஸ்வரருக்கும் சனி பகவானுக்கும் ஒரு கும்பிடு, வெளியே வந்து நாலு இட்லி, உடனே வண்டியைத் திருப்பு! நம்மில் பலருக்குக் காரைக்கால் தெரிந்தது இவ்வளவுதான். கோயிலிலிருந்து ஐந்தே கிலோமீட்டரில் கடலும் ஆறும் சேரும் ஒரு அழகான ஊர் இருப்பதே வேனில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. (வேறொரு 'காரணத்துக்காக' இந்த ஊரைத் தெரிந்து வைத்திருப்பவர்களும் உண்டு. குடும்பத்தோடு போகிறோம், அதை விடுங்கள்.)

இந்த ஊருக்குப் போகத் தோதான காலம் பொங்கலுக்கு அப்புறம்தான். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அடைமழை. மார்கழியிலும் மழை மிச்சமிருக்கும். தை பிறந்தால் வானம் வெளுத்து, வயலில் சம்பா அறுவடை தொடங்கிவிடும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். காவிரியின் கடைமடையான இந்தப் பகுதியில் வாய்க்கால் வற்ற, வயல் காய, ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடைத்துவிடும்! பனி கொட்டும் நாடுகளில் குளிர்கால விளையாட்டு என்றால் சறுக்குக் கட்டைகளோடு மலையேறுவார்கள். நம் டெல்டாவின் குளிர்கால விளையாட்டு, தலையில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு விடிய விடியக் கபடி பார்ப்பது.

சிவப்புத் தொப்பி ஊர்

நாலு பக்கமும் பார்த்தால் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனால் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. நடுவில் ஆங்கிலேயர்கள் பிடுங்குவதும் திருப்பித் தருவதுமாக இருந்து, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. எல்லை தாண்டியதும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். பிள்ளைகளை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பயணக் களைப்பு போய்விடும்.

ஊருக்குள் நடந்தே பார்க்கலாம். முதலில் பாரதியார் சாலையில் காரைக்கால் அம்மையார் கோயில். அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் இந்த ஊர் வணிகர் வீட்டுப் பெண் புனிதவதி. கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் போட்டுவிட்டு, கணவர் இரண்டாவது பழத்தைக் கேட்டபோது இறைவனிடம் வேண்டிப் பெற்றவர். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் இங்கே நுழைய முடியாது. தை, மாசியில் கூட்டம் குறைவு, நிதானமாக உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். அடுத்த முறை எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நாயன்மார் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் நின்றுகொண்டிருக்க, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர்தான் இந்த ஊர்க்காரர்.

அருகிலேயே கைலாசநாதர் கோயில். அப்படியே பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிப் தர்கா. கந்தூரியில் கண்ணாடி ரதம் ஊர்வலம் வருவது இந்தத் தர்காவில்தான். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே கடைத்தெருவில் பை தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பதே ஒரு சுற்றுலாதான்.

பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த காரைக்கால்காரர்கள் ஏராளம். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வாழும் குடும்பங்கள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11-ல் போர் வீரர் நினைவிடத்தில் மலர் வளையம் வைப்பார்கள். 'நம்மூர்க்காரர் எதற்கு ஐரோப்பாவில் போய்ச் சண்டை போட்டார்?' என்று வீட்டுக் குட்டி கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் தயாராகப் போங்கள்.

கடற்கரையில் ஒரு சொல்

மாலையில் அரசலாற்றை ஒட்டிய சாலையில் காலாற நடந்தால் நேரே கடல். முகத்துவாரம், கலங்கரை விளக்கம், கரை திரும்பும் விசைப் படகுகள் என்று எல்லாம் ஒரே இடத்தில். ஆற்றில் படகு சவாரியும் உண்டு. அன்றைக்கு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காணும் பொங்கலுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கூட்டமாக வந்து இறங்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கடலைத் தெரியாது. ஆறு கடலில் விழும் இடத்தில் மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். மண் திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. மழைக்காலம் முடிந்த கையோடு கடலின் சீற்றமும் முழுக்க அடங்கியிருக்காது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் அதுவும் வேண்டாம். நீச்சல் தெரியும் என்று சொல்லும் அண்ணன்களை முதலில் தடுங்கள்.

கடற்கரைப் பக்கம் சுனாமி நினைவுச் சின்னம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விடுமுறைக் காலை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மாதிரியான மீனவ ஊர்களில் அன்று போன உயிர்களில் குழந்தைகள் நிறைய. அன்று பிறக்காத நம் பிள்ளைகள் இங்கே செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்று அதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மின்னொளியில் கபடி

இரவுச் சாப்பாடு முடிந்ததா? சுவரொட்டிகளைப் பாருங்கள். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று டெல்டாவில் எங்காவது ஒரு ஊர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். டிவியில் பார்க்கும் கபடி மெத்தை விரிப்பில் நடப்பது. இது மண் களம். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தியிருப்பார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், ஒரு ரெய்டுக்கு 30 வினாடி என்கிற விதியெல்லாம் அதேதான். ஆனால் பனியில் மண் லேசாக ஈரமாகி, பிடிபட்டவர் வழுக்கிக்கொண்டு கோட்டைத் தொடும் காட்சியை டிவியில் பார்க்க முடியாது. மைக்கில் வர்ணனை செய்பவரின் குசும்புக்காகவே இன்னொரு ஆட்டம் உட்காரலாம். தாத்தா பாட்டிக்கு ஒரு சால்வை, எல்லோருக்கும் கொசுவத்தி, கட்டாயம்.

பொங்கல் சமயத்தில் போனால் இன்னும் இரண்டு விஷயங்கள். ஊருக்குள் காரைக்கால் கார்னிவல். மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி என்று களை கட்டும். தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வடக்கே எல்லை தாண்டிக் காணும் பொங்கலன்று திருக்கடையூர் – தரங்கம்பாடி சாலையில் நடக்கும் ரேக்ளா பந்தயம். மாட்டு வண்டி தனி, குதிரை வண்டி தனி, அதிலும் சின்னது, பெரியது என்று பிரிவுகள். சக்கரச் சத்தம் வருவதற்கு முன்னால் கூட்டத்தின் சத்தம் வரும், அதுதான் அடையாளம். வண்டிகளைவிட அவற்றைத் துரத்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்களால்தான் ஆபத்து அதிகம். சாலை ஓரத்தில் நிற்காமல் மேட்டில் ஏறி நின்று பாருங்கள். சாட்டை வீச்சைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பக்கத்திலேயே 1620-ல் தொடங்கிய டேனியர்களின் தரங்கம்பாடிக் கோட்டை. அங்கே கூட்டிப் போய்விடலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு விளையாட்டையும் சொல்ல வேண்டும். பெத்தாங்க். 1907 வாக்கில் தெற்கு பிரான்சில் உருவானது. புதுச்சேரியில் இன்றும் மாலை நேரத்தில் ஆடுகிறார்கள். ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டு. கால்களை நகர்த்தாமல் நின்ற இடத்திலிருந்து இரும்புக் குண்டுகளை வீசி, யாருடையது அதற்கு மிக அருகில் என்று பார்க்க வேண்டும். எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளலாம். பெரியவர்களின் கோலி ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! எழுபது வயதுத் தாத்தாவும் ஏழு வயதுப் பேத்தியும் சமமாக ஆடக்கூடிய விளையாட்டுகள் குறைவு. இது அதில் ஒன்று. கெட்டி மண் தரையும் ஆளுக்கு மூன்று ரப்பர் பந்தும் இருந்தால் ஊரில் நீங்களே ஆரம்பித்துவிடலாம். கடற்கரை மணல் மட்டும் சரிப்படாது, பந்து உருளாது.

எப்போது எதைப் பார்ப்பது? வெள்ளி இரவே காரைக்கால் வந்துவிடுங்கள். சனிக்கிழமை ஊரெல்லாம் திருநள்ளாற்றில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் காரைக்காலை நிம்மதியாகச் சுற்றலாம். 'சனிக்கிழமைதான் தரிசனம்' என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் நடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிறு காலை திருநள்ளாறு. சனிக்கிழமை நெரிசல் அளவுக்கு இருக்காது. குளித்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் மட்டும் வேண்டாம். தரிசனம் முடிந்து, ரயிலோ பஸ்ஸோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் போதும்.