பத்துக் காசு கட்டும் நமக்கும் ஒரு நாற்காலி

நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து உட்கார ஊருக்குள் எங்கே இடம் இருக்கிறது? கோயில் திண்ணை நமக்கில்லை. மந்தை மரத்தடி நமக்கில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், "காலனிப் பசங்களுக்கு இங்கே என்ன கூட்டம்?" என்று பார்வையே கேட்கும். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பெஞ்சும் கிடையாது. மிச்சம் இருப்பது நூலகம் ஒன்றுதான்.

எந்தத் தெரு என்று கேட்காமல் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைக்கும் இடம் அது. ஒரு நாளிதழை நாலு பேர் பிரித்துப் படிப்பார்கள். குரூப் 4 தேர்வுக்கு ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்வார். ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் புத்தகம் மாற்றிக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது.

இந்த உரிமை சும்மா வரவில்லை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் கட்டடமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை, 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அதே ஆண்டு பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, மாணவர் விடுதிகளோடு நூலகங்கள் திறப்பதையும் தன் நோக்கமாக வைத்தது. கல்வி வகுப்பறையோடு முடிவதில்லை என்று நம் முன்னோடிகளுக்குத் தெரிந்திருந்தது.

நூலகம் யாரும் போடும் பிச்சையும் அல்ல. 1948இன் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. மாடி வீட்டுக்கும் காலனி வீட்டுக்கும் ஒரே கணக்குதான். வரியில் பாகுபாடு இல்லை என்றால் நாற்காலியில் மட்டும் ஏன்?

2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடப்பதையும், பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிய கிடங்காக இருப்பதையும் நாம் பார்க்கிறோம். திறந்திருக்கும் இடங்களிலும், கூலி வேலைக்கும் கல்லூரிக்கும் போனவர்கள் திரும்பும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்கு நாம் கூட்டமாகப் போவோம். பூட்டைத் திற, மாலையில் விளக்குப் போடு, பெண்களுக்குக் கழிப்பறை கட்டு, நாளிதழ் வாங்கு என்று மனுவாக எழுதிக் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.

திறந்த மறுநாளே போய் உட்காரவும் வேண்டும், தம்பி தங்கைகளே. ஆள் வராத நூலகத்தை மறுபடி பூட்ட அதிக நாள் ஆகாது.