‘கார்பிள்டு’ என்றால் சிதைந்ததா, சுத்தமானதா? மட்டாஞ்சேரி மிளகுச் சந்தை தரும் விளக்கம்

கொச்சி: கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ மிளகு பயிரிடும் விவசாயி ஒருவர், கொச்சிச் சந்தையின் அன்றைய விலையைக் கைப்பேசியில் பார்க்கிறார். ‘கார்பிள்டு’, ‘அன்கார்பிள்டு’ என இரண்டு விலைகள் அதில் உள்ளன. முதல் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ‘சிதைந்த’, ‘குழம்பிய’, ‘திரிக்கப்பட்ட’ என்ற பொருள்களே முன்னே வந்து நிற்கின்றன. அப்படியானால் சிதைந்த சரக்குக்கு அதிக விலையும், சிதையாத சரக்குக்குக் குறைந்த விலையுமா? இந்த ஐயம் நியாயமானதே. விடை, கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் இருக்கிறது.

சலித்தெடுத்தலே முதற்பொருள்

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவும் அதைச் சுற்றியுள்ள பண்டகசாலைகளும் நூற்றாண்டுகளாக நறுமணப் பொருள் வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. மிளகுக்கான முன்பேர வணிகத்தை நடத்துவதற்காக இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957-ல் இங்குதான் தொடங்கப்பட்டது. இச்சந்தையில் ‘கார்பிள்டு’ என்பது, தூசி, காம்பு, கல், உள்ளீடற்ற மணிகள் ஆகியவற்றை நீக்கித் தரம் பிரிக்கப்பட்ட மிளகைக் குறிக்கும். அவ்வாறு சுத்தம் செய்யப்படாத மிளகே ‘அன்கார்பிள்டு’. ஏற்றுமதியில் புகழ்பெற்ற ‘மலபார் கார்பிள்டு’ முதல் தரம் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. ஒரு லிட்டர் கொள்ளளவில் 550 கிராம் எடை நிற்கும் மிளகு என்பது இத்தரத்துக்கு வணிகர்கள் சொல்லும் அளவுகோல்.

இச்சொல்லின் மூலம் அரபு மொழியில் சலித்தலைக் குறிக்கும் ‘கர்பல’ என்ற வினைச்சொல். கிழக்கிலிருந்து வந்த சரக்கைக் கைமாற்றிய மத்திய தரைக்கடல் வணிகர்கள் வழியாக அது இத்தாலிய மொழிக்கும், 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் சென்றது. லண்டன் மாநகரில் ‘கார்பிளர்’ என்றொரு பதவியே இருந்தது. கடைகளிலும் கிடங்குகளிலும் நுழைந்து நறுமணப் பொருள்களைச் சோதித்து, கலப்படத்தை நீக்கச் செய்வது அவரது பணி.

பின்னர்தான் பொருள் திரும்பியது. சரக்கிலிருந்து வேண்டியதைப் பொறுக்குவதைப் போல, ஒருவரது பேச்சிலோ எழுத்திலோ தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் பொறுக்கியெடுத்துக் கருத்தை மாற்றிக் காட்டுவதையும் 17-ஆம் நூற்றாண்டில் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினர். பொறுக்குதல் திரித்தலாகி, திரித்தல் குழப்பமாகியது. இன்று தெளிவற்ற தொலைபேசிக் குரலையும் ஆங்கிலத்தில் ‘கார்பிள்டு’ என்கிறார்கள். சுத்தப்படுத்துதலைக் குறித்த சொல், பொதுவழக்கில் கெடுத்தலைக் குறிக்கலாயிற்று. மிளகு வணிகம் மட்டும் பழைய பொருளைக் கைவிடவில்லை.

‘போல்டு’ என்றால் துணிச்சல் அல்ல

தரப்பெயர்களில் இத்தகைய சொற்கள் மேலும் உண்டு. ‘போல்டு’ என்பதற்குப் பேச்சில் துணிச்சலான என்று பொருள். அச்சுத்துறையில் தடித்த எழுத்து. மிளகு, ஏலக்காய்ச் சந்தையிலோ அது பருத்த மணியைக் குறிக்கும். ‘எக்ஸ்ட்ரா போல்டு’ என்றால் அதனினும் பெரிய மணி. ‘லைட்’ என்பது உணவுப் பொட்டலங்களில் கொழுப்பு குறைந்தது என்ற பாராட்டு. மிளகில் அது முற்றாமல் உள்ளே வெறுமையாக இருக்கும் மணி என்ற குறை. ‘பின்ஹெட்’ என்பது குண்டூசித் தலையளவே உள்ள மிகச்சிறிய மிளகு.

ஊர்ப்பெயரும் இதற்கு விலக்கல்ல. ‘தலச்சேரி கார்பிள்டு’ என்ற தரம் வட கேரளத்தின் தலச்சேரியில் விளைந்தது என்று பொருள்படாது. மணி பெரிதாக இருப்பதே அதன் தகுதி. அது எங்கு விளைந்தது என்பதை அப்பெயர் உறுதி செய்வதில்லை. மட்டாஞ்சேரியிலேயே இதற்கு இணையான பெயர் ஒன்று உண்டு. இங்குள்ள ‘டச்சு அரண்மனை’ 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. 1663-ல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்ததால், பெயர் அவர்களுக்குச் சென்றுவிட்டது.

திப்பிலியிலிருந்து மிளகாய் வரை

ஆங்கிலத்தில் மிளகைக் குறிக்கும் ‘பெப்பர்’ என்ற சொல்லும் இடம் மாறியதே. அதன் மூலமான ‘பிப்பலி’ என்ற சமஸ்கிருதச் சொல் திப்பிலியைக் குறிப்பது. கிரேக்கமும் இலத்தீனும் கடந்து ஐரோப்பா சென்றபின் அது மிளகின் பெயராயிற்று. மிளகு தேடிப் புறப்பட்ட கொலம்பஸின் குழுவினர் அமெரிக்கப் பகுதியில் கண்ட காரமான காய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இதனால் இன்று ஆங்கிலத்தில் மிளகு, மிளகாய், குடைமிளகாய் மூன்றுமே ‘பெப்பர்’தான்.

நம் மொழிகளும் இதையே செய்தன. போர்ச்சுகீசியர் காலத்தில் வந்த புதிய காய்க்குத் தமிழர் மிளகையொட்டி ‘மிளகாய்’ என்று பெயரிட்டனர். மலையாளத்தில் ‘முளகு’ என்ற சொல்லையே மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு ‘குருமுளகு’ ஆயிற்று. எனவே கேரளக் கடையில் ‘முளகுபொடி’ கேட்பவருக்குக் கிடைப்பது மிளகாய்த்தூள். உடல்நலம் கருதி மிளகாயைத் தவிர்ப்போர் அங்கே ‘குருமுளகுபொடி’ என்று தெளிவாகக் கேட்பது நல்லது.

சங்க இலக்கியத்தில் மிளகைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ‘கறி’. யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து முசிறியிலிருந்து ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறுவது இந்தக் கறியைத்தான். இன்று கறி என்றால் சிலருக்கு இறைச்சி, சிலருக்குக் காய் சமைத்தது. ஆங்கிலத்தில் ‘கர்ரி’ என்பது குழம்பு வகை அனைத்துக்கும் பொதுப்பெயர். ஆனால், முகத்துதி செய்து சலுகை பெறுவதைக் குறிக்கும் ‘கர்ரி ஃபேவர்’ என்ற ஆங்கில மரபுத்தொடருக்கும் நம் கறிக்கும் தொடர்பில்லை. அது குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது.

ஒரு மிளகின் விலை என்ன?

மரபுத்தொடர்களும் காலத்துக்கேற்பப் பொருள் மாறுகின்றன. கி.பி. 408-ல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியத் தலைவர் அலாரிக், பொன், வெள்ளியுடன் 3,000 பவுண்டு மிளகையும் கேட்டுப் பெற்றார். இடைக்கால ஐரோப்பாவில் வாடகையை மிளகாகச் செலுத்துவதும் உண்டு. பின்னாளில் ‘பெப்பர்கார்ன் ரென்ட்’, அதாவது ‘ஒரு மிளகு வாடகை’ என்பது, ஒப்பந்தம் செல்லுபடியாவதற்காகப் பெயரளவில் வைக்கப்படும் தொகையைக் குறிக்கலாயிற்று. பெர்முடா தீவில் ஒரு பழைய அரசுக் கட்டடத்துக்கு ஆண்டு வாடகையாக ஒரேயொரு மிளகு செலுத்தும் சடங்கு இன்றும் விழாவாக நடைபெறுகிறது.

டச்சு மொழியிலோ ‘பேப்பர்டூர்’, அதாவது மிளகைப்போல விலையுயர்ந்தது என்ற சொல், கட்டுப்படியாகாத விலையைக் குறிக்கிறது. ஒரே மிளகு ஒரு மொழியில் அற்பத்துக்கும் மற்றொரு மொழியில் அருமைக்கும் எடுத்துக்காட்டு. ஒன்று தனி மணியைக் கணக்கிடுகிறது. மற்றொன்று சரக்கின் பழைய மதிப்பை நினைவில் வைத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

இச்சொற்களைத் தவறாக விளங்கிக்கொண்டால் இழப்பு பணத்தில்தான் தெரியும். தோட்டத்தில் பறித்து உலர்த்தியபடியே விற்கும் விவசாயி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ‘அன்கார்பிள்டு’ விலையை. அதிகமாகத் தெரியும் ‘கார்பிள்டு’ விலை, சலித்துத் தரம் பிரித்த சரக்குக்கு உரியது; அதில் சுத்தம் செய்யும் செலவும் கழிவினால் குறையும் எடையும் அடங்கும். இரண்டையும் மாற்றி நினைத்தால், நியாயமான விலையையும் ஏமாற்று என்று எண்ண நேரும். அல்லது கைக்கு வராத வருமானத்தை நம்பிக் கடன் வாங்க நேரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர், தரப்பெயருடன் மணியின் அளவு, லிட்டர் எடை, ஈரப்பதம் ஆகியவை எண்களில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது பாதுகாப்பானது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி, சூழல் அறியாத ஒற்றைச் சொல்லுக்குப் பொதுவழக்குப் பொருளையே தரக்கூடும். ஐயம் எழுந்தால், அச்சொல்லை அன்றாடம் கையாளும் வணிகரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவதே நலம்.