கையேட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது?

புதிதாக வாங்கும் ரைஸ் குக்கரோடு ஒரு சிறு கையேடும் வரும். எத்தனை குவளை அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் கை வைத்தால் சுடும் என்றெல்லாம் அதில் இருக்கும். சூடேற்றும் கம்பியை உள்ளே எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்பது இருக்காது. சோறு வடிப்பவருக்கு அது தேவையும் இல்லை.

மென்பொருளுக்கும் கையேடு உண்டு. ஒருவர் எழுதிய ‘ஃபங்ஷன்’ எனும் நிரல் துண்டைப் பல நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அது என்ன செய்யும் என்று எழுதினால் போதுமா, உள்ளே எப்படிச் செய்கிறது என்பதையும் எழுத வேண்டுமா? தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கும் நம் இளையர் பலர் வேலையிடத்தில் சந்திக்கும் கேள்வி இது.

சொன்னால் கை கட்டப்படும்

ஜாவா மொழியில் ‘ஹேஷ்கோட்’ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதை ஓர் எண்ணாக மாற்றித் தரும். சொற்களை விரைவாகத் தேடி எடுக்க அந்த எண் உதவுகிறது. 31 என்ற எண்ணால் பெருக்கிக் கணக்கிடும் அந்தச் சூத்திரம் அப்படியே கையேட்டில் இடம்பெற்றுவிட்டது.

ஒரே எண்ணைத் தரும் ஏராளமான சொற்களை வேண்டுமென்றே அனுப்பி இணையச் சேவையகங்களைத் திணறடிக்க முடியும் என்று 2011 இறுதியில் ஆய்வாளர்கள் காட்டினர். பைத்தான் மொழி 2012இல் தன் கணக்கீட்டில் யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாத ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டது. ஜாவாவால் அப்படிச் செய்ய முடியவில்லை. கையேட்டிலுள்ள சூத்திரம் மாறாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களை அது முறித்துவிடும். கடைசியில் 2014இல் வந்த ஜாவா 8, சூத்திரத்தைத் தொடாமல், சொற்களைச் சேமித்து வைக்கும் பகுதியை மாற்றிச் சமாளித்தது.

கையேட்டில் ஏறிய வரி வாக்குறுதியாகிவிடுகிறது. எனவே, ‘உள்வேலையைச் சொல்லாதே’ என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

சொல்லாவிட்டாலும் சிக்கல்

அதே ஜாவாவில், நீண்ட உரையிலிருந்து ஒரு பகுதியை வெட்டித் தருவது ‘சப்ஸ்ட்ரிங்’. 2012 வரை அது எழுத்துகளைப் படியெடுக்காமல், மூல உரையையே பகிர்ந்துகொண்டது. வேலை சட்டென்று முடியும். ஆனால் பத்து எழுத்துக்காக ஒரு பெரிய உரை முழுவதும் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு வந்த ஜாவா 7இன் ஆறாம் புதுப்பிப்பு, வெட்டிய பகுதியைத் தனியாகப் படியெடுக்கத் தொடங்கியது. நினைவகச் சிக்கல் தீர்ந்தது. பழைய வேகத்தை நம்பியிருந்த நிரல்களோ மெதுவாயின.

ஃபங்ஷன் தந்த விடை மாறவில்லை. அதற்கு எடுத்த நேரமும் இடமும் மாறின. அவற்றைப் பற்றிக் கையேடு எதுவும் பேசியிருக்கவில்லை.

சொல்லியும் கேட்காதபோது

சி மொழியின் ‘மெம்காப்பி’, நினைவகத்தின் ஓரிடத்தில் இருப்பதை வேறோர் இடத்துக்குப் படியெடுக்கும். இரண்டு இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடாது என்று கையேடு தெளிவாகவே சொல்கிறது. படிந்தாலும் பல காலம் சரியாக ஓடியதால் சிலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

2010இல் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகம், வேகத்துக்காகச் சில வகைச் செயலிகளில் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியெடுக்கத் தொடங்கியது. 64 பிட் ஃபிளாஷ் பிளேயரில் ஒலி சிதைந்தது. விதியை மீறியது ஃபிளாஷ்தான். ஆனால் அவதிப்பட்டவர்கள், இவை எதுவும் தெரியாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நன்றாக ஓடியதை உடைத்தது சரியா என்று லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸும் அந்த விவாதத்தில் இறங்கினார். கையேடு சொல்வதைவிடக் கண்முன் ஓடுவதையே மனிதர்கள் நம்புவார்கள் என்பது அப்போது தெரிந்தது.

நல்ல முன்மாதிரி

2016இல் வந்த பைத்தான் 3.6இல், ‘டிக்ட்’ எனும் சேமிப்பு அமைப்பு, விவரங்களை நாம் இட்ட வரிசையிலேயே வைத்திருந்தது. அது உள்ளமைப்பின் விளைவுதான், இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம் என்று அறிவிப்புக் குறிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 2018இல் வந்த 3.7இல் அந்த வரிசையை மொழியின் உறுதிமொழியாகவே ஆக்கினார்கள். உறுதி தரும் வரை, உறுதி இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

கோடு போட ஒரு கேள்வி போதும். உள்ளே நாளை ஒன்றை மாற்றினால், பயன்படுத்துபவருக்கு எது மாறும்? விடை, வேகம், நினைவகம், பிழை நேரும் விதம் ஆகியவற்றுள் ஏதேனும் மாறுமென்றால் அதைக் கையேட்டில் சொல்லியே ஆகவேண்டும். எதுவும் மாறாது என்றால், அது நிரலுக்குள்ளேயே, அடுத்துப் பராமரிக்க வருபவருக்கான குறிப்பாக இருக்கட்டும்.

சொல்வதையும் இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: இது உறுதி, இது இன்றைய நிலை, நாளை மாறலாம். பிரித்து எழுதக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். எழுதாமல் விட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவர் என்றோ ஓர் இரவு முழுக்கக் கண்விழித்துக் காரணம் தேட வேண்டியிருக்கும்.