இளம் இசை நடத்துநர் மெண்டல்சோன்

இசைக்குழுவின் நடத்துநர் மேடையில் எக்கருவியையும் மீட்டுவதில்லை. பலரின் இசையை ஒன்றுபடுத்துவதே அவர்தம் பணி. இப்பணியின் பொருளை நாம் பெலிக்ஸ் மெண்டல்சோனின் வாழ்வில் காண்கிறோம்.

1750இல் மறைந்த பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசை, பல்லாண்டுகள் பொது அரங்குகளில் ஒலியாது கிடந்தது. அதன் கையெழுத்துப் படியைத் தம் பாட்டியாரிடமிருந்து பெற்றிருந்த மெண்டல்சோன், தயங்கிய ஆசிரியர் செல்ட்டரின் இசைவைப் பெற்று, 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் அதனை நடத்தினார். அப்போது அவருக்கு வயது 20. சில பகுதிகளைக் குறைத்தே வழங்கினார். எனினும் அரங்கு நிரம்பிற்று. பத்தே நாட்களில் மீண்டும் நடத்தலாயிற்று.

1835இல் லைப்சிக் கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் பொறுப்பேற்று, பழைய மேதைகளின் படைப்புகளையும் மக்கள் கேட்கச் செய்தார். 1847இல், 38ஆம் வயதில் மறைந்தார்.

முன்னோர் விட்டுச்சென்ற ஏடு தானாகப் பேசாது. அதனைத் தம் தலைமுறையின் செவியில் ஒலிக்கச் செய்வோர் வேண்டும் என்பதை நாம் இதனால் அறிகிறோம்.